மாடிப்படிக்குக் கீழே அலெக்சியார்

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் யாராவது ஒருவர் கொல்லப்படுவார். ஜனவரியில் செபஸ்தியார் அம்புகளால் துளைக்கப்பட்டார். மறுநாளே ஆக்னஸ் அம்மாளின் கழுத்து வெட்டப்பட்டது. ஆகஸ்டில் லவுரேஞ்சியாரை இரும்புக் கட்டிலில் கிடத்தி அடியில் தீ மூட்டினார்கள். டிசம்பரில் பார்பரா அம்மாளைப் பெற்ற தகப்பனே வெட்டினார். இத்தனையும் என் வாயால் நடந்தது. ஜெபமாலை முடிந்ததும் அன்றைய திருநாளுக்குரிய அர்ச்சியசிஷ்டரின், அதாவது புனிதரின், சரித்திரத்தை உரக்கப் படிப்பது என் வேலையாக இருந்தது.

அது அப்பாவின் ஏற்பாடு. அவர் தூத்துக்குடியை விட்டு ஹைதராபாத்துக்கு வந்து, பாலாநகர்ப் பக்கம் ஒரு அரசாங்கத் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தார். நாங்கள் மல்காஜ்கிரியில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். தெருவில் தெலுங்கு, பள்ளியில் இங்கிலீஷ், பள்ளி ரிக்ஷாவில் ஹைதராபாத் இந்தி என்று வளர்ந்த எனக்குத் தமிழ் கேட்டால் புரியும். வாய் திறந்தால் வேறு ஏதாவது வரும். அப்பா தமிழில் ஒன்று கேட்க, நான் தெலுங்கில் பதில் சொல்ல, ஒருநாள் அவருக்குப் பயம் வந்துவிட்டது. ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியின் அடியில் கிடந்த, அட்டை போன பழைய புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் அதில் ஒருவர் இருந்தார். தினமும் ஒருவரைப் படித்தால் மகளுக்குத் தமிழும் வரும், மோட்சமும் வரும் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

அதனால் நான் முதலில் கற்றுக்கொண்ட நல்ல தமிழ்ச் சொற்கள் உபாதித்தல், சிரச்சேதம், கொதிக்கும் எண்ணெய், சிங்கங்களுக்கு இரையாகுதல் போன்றவை. கடைக்குப் போய்த் தமிழில் கொத்தமல்லி கேட்கத் தெரியாது. ஆனால் ரோமை ராயன் ஒரு கன்னிகையை எப்படியெல்லாம் வதைப்பான் என்று தடையில்லாமல் சொல்வேன்.

கேட்க உட்கார்ந்திருப்பவர்களில் என் வாசிப்பை உண்மையிலேயே கவனித்தது அத்தை ஒருத்திதான். அப்பா உச்சரிப்பைக் கவனித்தார். அம்மா தம்பியைக் கவனித்தாள். அத்தை கதையைக் கவனித்தாள்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. தம்பி பிறந்த சமயம் ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். அம்மாவுக்கு ஒத்தாசையாக வந்திருக்கிறாள் என்றார்கள். தம்பி நடக்கத் தொடங்கி, ஓடத் தொடங்கி, பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியை உடைத்த பிறகும் அவள் ஊருக்குத் திரும்பவில்லை. மாமாவைப் பற்றி யாராவது விசாரித்தால் அம்மா முந்திக்கொண்டு, “வடக்க வேலைக்குப் போயிருக்காவ” என்று சொல்வாள். உடனே காபி போட எழுந்துவிடுவாள். மாமாவை நான் பார்த்ததில்லை. கல்யாணமாகிச் சில மாதத்தில் வேலை தேடுகிறேன் என்று ரயிலேறியவர் என்பதும், ஊர்க்காரர் ஒருவர் அவரைச் சிகந்தராபாத் ஸ்டேஷனில் பார்த்ததாகச் சொல்லியிருந்தார் என்பதும் நான் வளர்ந்த பிறகு துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டவை. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது அத்தை பஸ்ஸிலிருந்து ஸ்டேஷன் பக்கமே இறங்கச் சொல்வாள் என்பதுதான். கூட்டம் வெளியே வரும் வாசலில் சற்று நிற்பாள். பூசைக்கு நேரமாகிறது என்று நான் கையைப் பிடித்து இழுப்பேன். அத்தைக்கு ரயில் பிடிக்கும் போல என்று எண்ணிக்கொள்வேன்.

வேதசாட்சிகள்மீது அத்தைக்குப் பெரிய மரியாதை இருந்ததாகச் சொல்ல முடியாது. ஒருவர் எவ்வளவு வீரமாகச் செத்தாலும் அவளுடைய கேள்வி வேறெங்காவது இருக்கும்.

“அந்தப் புள்ளைய வெட்டுத அன்னைக்கு அவ அம்மா எங்க இருந்தா?” என்று ஆக்னஸ் அம்மாள் திருநாளன்று கேட்டாள்.

அப்பா கண்ணாடியைச் சரிசெய்து புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “அதெல்லாம் எழுதலளா” என்றார்.

“எழுதியிருக்கணும்” என்று சொல்லிவிட்டு அத்தை பூண்டு உரிக்கத் தொடங்கினாள்.

நான் ஐந்தாம் வகுப்புக்குப் போன வருடம் ஜூன் கடைசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையோடு எங்கள் மாடிப்படிக்குக் கீழே ஒரு மனிதர் வந்து சேர்ந்தார். வீட்டின் வெளிப்புறமாக ஏறும் படி அது. அதன் அடியில் வீட்டுக்கார அம்மா விறகும் ஓட்டை வாளிகளும் போட்டுவைத்திருந்தார். ஒதுங்க இடம் கேட்டு வந்தவரை மழை விடும்வரை இருந்துகொள்ளச் சொல்லியிருந்தார் அவர். பதிலுக்கு அந்த மனிதர் விறகு பிளந்து கொடுத்தார், தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வைத்தார். ஒடிசலான ஆள். தாடி. மற்ற நேரமெல்லாம் முழங்காலைக் கட்டிக்கொண்டு மழையைப் பார்த்தபடி இருப்பார். நாங்கள் பள்ளிக்குப் போகும்போது கால்களை மடக்கிக்கொண்டு வழி விடுவார். அத்தையோ அம்மாவோ படியிறங்கினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அவர்களும் தலைகுனிந்து தாண்டிப் போவார்கள். மிஞ்சிய சோற்றை அத்தை ஒரு அலுமினியத் தட்டில் போட்டு என்னிடம் கொடுத்தனுப்புவாள்.

ஜூலை பதினேழாம் தேதி அப்பாவுக்கு இரண்டாம் ஷிப்ட். அம்மா, அத்தை, நான், தூங்கி வழியும் தம்பி. ஜெபமாலை முடிந்ததும் புத்தகத்தைப் பிரித்தேன். அர்ச்சியசிஷ்ட அலெக்சியார் திருநாள்.

முதல் சில வரிகளிலேயே எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சிங்கம் இல்லை, எண்ணெய்க் கொப்பரை இல்லை. ரோமாபுரியில் பெரிய பணக்காரரின் ஒரே மகன் அலெக்சியார். தாய் தகப்பன் சொல்லுக்காகக் கல்யாணம் செய்துகொள்கிறார். கல்யாணத்தன்று இரவே மோதிரத்தைக் கழற்றிப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, சர்வேசுரனுக்காக எல்லாவற்றையும் துறந்து கப்பலேறிப் போய்விடுகிறார்.

“ஏட்டி, போதும். தம்பி தூங்கிட்டான். மூடு” என்றாள் அம்மா.

“படிக்கட்டும் மயினி” என்றாள் அத்தை.

“நாளைக்குப் படிக்கலாம்.”

“நாளைக்கு வேற ஆளு வந்துருவாரு. படிக்கட்டும்.”

நான் படித்தேன். ஆண்டுகள் பல கழித்து அலெக்சியார் பிச்சைக்காரனாகத் திரும்பி வருகிறார். பெற்ற தகப்பனிடமே ஒதுங்க இடம் கேட்கிறார். மகன் என்று தெரியாமல், போனால் போகிறது என்று மாடிப்படிக்குக் கீழே இடம் கொடுக்கிறார் தகப்பன். வேலைக்காரர்கள் அவர் தலையில் கழுநீரைக் கொட்டுகிறார்கள். அவர் பொறுத்துக்கொள்கிறார். மேலே தாயும் மனைவியும் அவரை நினைத்து அழுகிற சத்தம் தினமும் அவர் காதில் விழுகிறது. ஆனாலும் தான் யார் என்று சொல்லவில்லை. அப்படியே செத்துப்போகிறார். அப்போது ரோமாபுரியின் மணிகள் தாமாகவே அடித்துக்கொள்கின்றன.

படித்து முடித்து நிமிர்ந்தேன். அம்மா தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டிருந்தாள். அத்தை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“அந்தப் பொண்ணு பேரு என்ன?”

பக்கத்தை மேலும் கீழும் தேடினேன். “போடல அத்தை. மணவாட்டின்னுதான் போட்டிருக்கு.”

“தெனமும் அவ அழுகுறதக் கேட்டுக்கிட்டேயா கெடந்தாரு?”

“ஆமா.”

“அவளுக்கும் தெரியலையாக்கும்? படியில ஏறி எறங்கும்போது ஒருநாளாவது மூஞ்சியப் பாத்திருக்க மாட்டாளா?”

அதற்கும் புத்தகத்தில் பதில் இல்லை. அத்தை எழுந்து சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துவைத்தாள். எனக்கோ சாப்பாடு இறங்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே என்ற சொல்லிலேயே என் மனது நின்றுவிட்டது. நம் வீட்டிலும் மாடிப்படி இருக்கிறதே. அதன் கீழே ஒருவர் இருக்கிறாரே.

மறுநாள் முதல் நான் அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். சந்தேகத்துக்கு இடமே இல்லை என்று தோன்றியது. தாடி இருந்தது. யாரோடும் அதிகம் பேசுவதில்லை. நாங்கள் மாலையில் ஜெபப் பாட்டுப் பாடும்போது படியோரம் நகர்ந்து வந்து உட்கார்ந்து கேட்டார். அத்தை வரும்போது மட்டும் முகத்தை மறைத்துக்கொள்கிறார் என்பதுதான் பெரிய சாட்சி. அம்மா வரும்போதும் மறைத்துக்கொண்டார் என்பதை நான் சௌகரியமாக விட்டுவிட்டேன். தமிழ் தெரியாதவர் போல ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ என்றே பதில் சொன்னதும் எனக்குத் தடையாகத் தெரியவில்லை. மறைந்து வாழ்கிறவர் பின்னே தூத்துக்குடித் தமிழிலா பேசுவார்?

கடைசியாக ஒரு சோதனை மிச்சமிருந்தது. ஒருநாள் சோற்றுத் தட்டை வைத்துவிட்டுச் சில படிகள் ஏறிப் போய், சட்டென்று திரும்பி, “மாமா” என்று கூப்பிட்டேன்.

அவர் நிமிர்ந்தார். சிரித்தார். “க்யா பாப்பா?” என்றார்.

அந்த ஊரில் தெலுங்குக்காரர்களுக்கும் மாமாதான், இந்திக்காரர்களுக்கும் மாமாதான், கடைக்காரர் முதல் ரிக்ஷாக்காரர் வரை எல்லாரையும் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிட்டோம். அது எனக்கு அப்போது நினைவுக்கு வரவே இல்லை. படிகளை இரண்டிரண்டாகத் தாவி மேலே ஓடினேன்.

ஆனாலும் அத்தையிடம் உடனே சொல்லிவிடவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்ல நல்ல நாள் வேண்டும் என்று காத்திருந்தேன். அடுத்த ஞாயிறு தோதாக வாய்த்தது. அப்பாவுக்கு ஓவர்டைம். காலைப் பூசை முடிந்து வந்ததும் அம்மா, தம்பிக்குக் காய்ச்சல் என்று டாக்டர் வீட்டுக்குத் தூக்கிப் போயிருந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அத்தை, மாமா வந்திருக்காவ.”

“எந்த மாமா?”

“நம்ம மாமா. உங்க மாமா.” வடக்கே போன மாமா என்று சொல்ல வந்து, அது போதாது என்று பட்டதால், “படிக்குக் கீழ இருக்கது அவங்கதான்” என்றேன்.

சுளகு நின்றது. “அவரா சொன்னாரு?”

“சொல்ல மாட்டாங்க. அலெக்சியார் சொன்னாரா? நான் மாமான்னு கூப்பிட்டேன். நிமிந்து பாத்தாங்க. சிரிச்சாங்க.”

அத்தை சிரிப்பாள் அல்லது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் செய்யவில்லை. மடியிலிருந்த அரிசியைத் தட்டிவிட்டு எழுந்தாள். பின்கட்டுக்குப் போய் முகம் கழுவினாள். தகரப் பெட்டியைத் திறந்து, ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் கட்டுகிற மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டினாள். தலையை அவிழ்த்து வாரிப் பின்னினாள். பின்னும்போது கை நிதானமாகவே இருந்தது. காலையில்தானே கோயிலுக்குப் போய்வந்தோம், மறுபடியும் எங்கே என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அலுமினியத் தட்டை விட்டுவிட்டு, விருந்தாளிகளுக்கான எவர்சில்வர் தட்டை எடுத்தாள். சூடான சோறு, மீன் குழம்பு, பொரித்த துண்டு ஒன்று. தட்டைத் தானே எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். நான் பின்னாலேயே போனேன்.

அந்த மனிதர் பட்டுப்புடவையைப் பார்த்ததும் பதறி எழுந்தார். தலை படியில் இடித்தது. வழக்கம்போல முகத்தைத் திருப்பப் போனார்.

“இங்க பாக்கச் சொல்லு” என்றாள் அத்தை என்னிடம்.

அத்தைக்கு இந்தியும் வராது, தெலுங்கும் வராது. நான் சொன்னேன். அவர் பார்த்தார்.

அத்தையும் பார்த்தாள். பெண்கள் அப்படி ஒரு வேற்று ஆளின் முகத்தைப் பார்த்து நான் அதற்குமுன் கண்டதில்லை. நெற்றி, கண், மூக்கு என்று ஒவ்வொன்றாக, எதையும் தவறவிடக் கூடாது என்பதுபோல. மழைத்தண்ணீர் படியின் விளிம்பிலிருந்து அவள் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் தட்டை நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்தக் கைகளையும் அவள் பார்த்தாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி எதுவும் அடிக்கவில்லை.

“எந்த ஊருன்னு கேளு.”

“பீதர்” என்றார் அவர்.

“வீட்டுல யாரு இருக்கா?”

“பீவி ஹை. தோ பச்சியாங்.”

“பொஞ்சாதி இருக்காங்களாம். ரெண்டு பொம்பளப் புள்ளைங்களாம்” என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் குழப்பமாக இருந்தது. அலெக்சியாருக்குப் பிள்ளைகள் கிடையாது.

“இங்க இருக்கது அவளுக்குத் தெரியுமா?”

அவர் கையிலிருந்த சோற்றைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். நான் வாங்கி வாங்கி அத்தையிடம் கொடுத்தேன். தெரியாதாம். இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் வேலை தேடி வந்தாராம். கட்டட வேலை கிடைத்ததாம், காய்ச்சலில் விழுந்ததும் வேலை போய்விட்டதாம். ஊரில் எல்லாரிடமும் பெரிய வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

“காலி ஹாத் கைசா ஜாவூங்?” என்று முடித்தார்.

“வெறுங்கையோட எப்படிப் போகன்னு கேக்காங்க.”

“வெறுங்கையோட போகச் சொல்லு” என்றாள் அத்தை. குரல் உயரவில்லை. ஆனால் அத்தை அவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை. “ஏன் போனீங்கன்னு அவ கேக்க மாட்டான்னு சொல்லு. இவ்வளவு நாளா எங்க இருந்தீங்கன்னும் கேக்க மாட்டா. ஊரு பேசுனா ரெண்டு நாளு பேசும், அதுக்குப் பொறவு பேசாது. எனக்கு ஒண்ணும் கொண்டு வர வேண்டாம். வந்தா போதும்னு சொல்லு.”

நான் ஒவ்வொன்றாக இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் மட்டும் அத்தை வாய் தவறிவிட்டாள் என்று கவனித்தேன். அவளுக்கு என்று சொல்ல வேண்டியதை எனக்கு என்று சொல்லிவிட்டாள். அப்படியே சொன்னால் அந்த மனிதருக்குப் புரியாதே என்று, அவளுக்கு என நானே திருத்தி, “உஸ்கு குச் நக்கோ. ஆயே தோ பஸ்” என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “ஹவ் அம்மா” என்றார். அந்த அம்மா எனக்கா அத்தைக்கா என்று தெரியவில்லை. பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அத்தை தூறலில் நின்றாள். தட்டை வாங்கிக்கொண்டு மேலே வந்தாள்.

பாதிப் படியில் நான் கேட்டேன். “அவங்க மாமா இல்லையா அத்தை?”

“இல்லளா.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“நல்லாப் பாத்தேன்.”

அம்மா தம்பியோடு திரும்பி வந்தபோது அத்தை பட்டுப்புடவையோடேயே மிச்ச அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா வாசலிலேயே நின்று பார்த்தாள். “எங்க போயிட்டு வந்த?” என்றாள்.

“எங்கயும் போகல மயினி.”

அம்மா உள்ளே வந்தாள். தம்பியை என்னிடம் கொடுத்துவிட்டு, அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

அந்த வாரத்திலேயே மழை விட்டது. ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து பார்த்தபோது படிக்குக் கீழே விறகும் வாளிகளும்தான் இருந்தன. சொல்லிக்கொண்டு போனதாக வீட்டுக்கார அம்மா சொன்னார். எங்கே என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. பீதருக்குத்தான் போனாரா, அந்த இரண்டு பெண்பிள்ளைகளும் அவரைக் கண்டார்களா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. போயிருப்பார் என்றே இத்தனை வருடமும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் மாமா வரவில்லை. அத்தை எங்களோடேயே இருந்தாள். என் கல்யாணத்துக்கு அவள்தான் தலைவாரிப் பின்னினாள். அந்த மழைக்கு அடுத்த வருடம் ஜூலை பதினேழு வந்தபோது அப்பா புத்தகத்தை வாங்கிப் பக்கத்தைத் திருப்பி, மறுநாளுக்குரியவரைப் படிக்கச் சொன்னார். படிக்கட்டும் என்று அத்தை இந்த முறை சொல்லவில்லை. அலெக்சியார் கதை நிச்சயமானதில்லை என்று ரோமையில் அவர் திருநாளைப் பொது நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதைப் பின்னால் ஒரு சாமியார் சொல்லித் தெரிந்துகொண்டேன். எங்கள் பழைய புத்தகத்துக்கு அந்தச் செய்தி வந்து சேரவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் அவரிடம் ஓடினேன். மாமா மாமாவாக இல்லாமல் போனதில் எனக்கு அழுகை வந்ததெல்லாம் உண்மைதான். ஆனால் அதற்குள் அது ஆறிப்போய், வேறொரு பெருமை வந்திருந்தது. தமிழ் வராது, தமிழ் வராது என்று தினமும் சொல்கிறாரே, இன்றைக்கு ஒரு பெரிய பேச்சையே தமிழிலிருந்து இந்திக்கும் இந்தியிலிருந்து தமிழுக்கும் மாற்றியிருக்கிறேன் அல்லவா. அத்தை, தூறல் விட்டபோது காயப்போட்ட துணியை எடுக்க மொட்டைமாடிக்குப் போயிருந்தாள். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். அத்தை என்ன சொன்னாள், நான் எப்படிச் சொன்னேன் என்று வரிசையாக ஒப்பித்தேன்.

“அத்தை ஒரு எடத்துல தப்பாச் சொல்லிட்டாங்கப்பா. அவளுக்கு ஒண்ணும் வேண்டாம்னு சொல்றதுக்குப் பதிலா எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. நான் கரெக்ட் பண்ணிட்டேன்.”

என் தமிழில் எப்போதும் ஏதாவது ஒன்றைத் திருத்துகிற அப்பா அன்றைக்கு எதையும் திருத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளாமல், அதைக் கையில் வைத்தபடியே எழுந்து போய் வராந்தாவில் நின்றுகொண்டார். ஒரு சபாஷ் சொல்வார் என்று கொஞ்ச நேரம் அவர் பின்னால் நின்று பார்த்தேன். அவர் திரும்பவில்லை. என் இந்தியில்தான் எங்கோ பிழை இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.